பள்ளிக் கணக்கைப் படிக்கும் முறை

தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளையை இந்தத் தோட்டப் பள்ளியிலேயே விடலாமா, கிள்ளானில் மாமன் வீட்டில் விட்டுப் பெரிய பள்ளியில் சேர்க்கலாமா?" என்பார்கள். கேட்பவர் வாயில் பெரும்பாலும் ஓர் எண்ணும் இருக்கும்: அங்கே தேர்ச்சி இத்தனை விழுக்காடு, இங்கே இத்தனை விழுக்காடு. அவ்வெண்ணை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையே இங்கு விளக்க விழைகிறோம்.

பால்மரம் வெட்டுவோருக்கு இதைப் புரிய வைப்பது கடினமன்று. இருவர் கொண்டுவரும் பால் ஒரே எடை காட்டினாலும் கணக்கு ஒன்றாகாது. பாலிலுள்ள காய்ந்த ரப்பரின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வரை மாறும். மேலும், ஒருவர் நிரையில் நல்ல மரங்கள் இருக்கும். மற்றவர் நிரையில் பட்டை தேய்ந்த கிழமரங்கள் இருக்கும். மரத்தைப் பாராமல் வாளியை மட்டும் பார்த்து வெட்டுபவரைக் குறைசொல்லும் கங்காணியை எவரும் ஏற்பதில்லை.

கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று. 2,000க்கும் மேற்பட்ட மாணவர் பயின்ற பள்ளி. அத்தொகை ஆறு ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரிந்தால், ஆறாம் ஆண்டில் ஏறத்தாழ 330 பேர் இருப்பர். ஒரு தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டில் ஐவரே உள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக, இரண்டிலும் தேர்ச்சி 80 விழுக்காடு என்றே கொள்வோம். பெரிய பள்ளியில் தேறாதவர் 66 பேர். சிறிய பள்ளியில் தேறாதவர் ஒரே ஒரு பிள்ளை. அப்பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் கண்டிருக்கலாம். அடுத்த ஆண்டு ஐவரும் தேறினால் நூறு விழுக்காடு என்று பதாகை கட்டுவர்; இருவர் தவறினால் அறுபது என்று ஊர் பேசும். ஆசிரியர் அவரே, கரும்பலகையும் அதுவே. ஆகவே, சிறிய பள்ளியின் கணக்கை ஓராண்டு கொண்டு மதிப்பிடலாகாது. ஐந்தாண்டு மாணவரை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அளவுகோலும் மாறுவதுண்டு. 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வில், 2015ஆம் ஆண்டு நாடு முழுவதும் 38,000க்கும் மேற்பட்டோர் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றனர். மறு ஆண்டு புதிய முறை வந்தது. தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஏழு தாள்கள் எட்டாயின. சிந்தித்து விடையளிக்கும் வினாக்கள் பெருகின. அவ்வாண்டு அத்தகையோர் தொகை 5,000க்கும் கீழே இறங்கியது. ஓராண்டில் நாட்டுப் பிள்ளைகளின் அறிவு வற்றிவிடவில்லை. எனவே ஒரு பள்ளியின் 2015ஆம் ஆண்டுக் கணக்கையும் மற்றொன்றின் 2016ஆம் ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பேசுவது வீண் பேச்சு. பள்ளிச் சராசரித் தரம் என்ற எண்ணிலும் பலர் தடுமாறுவர். அதில் ஏ என்பதற்கு 1, ஈ என்பதற்கு 5. ஆதலால் எண் குறையக் குறைய அடைவு மேல். 2.10 பெற்ற பள்ளியைவிட 2.60 பெற்ற பள்ளி சிறந்தது என்று வாதாடிய ஒருவரை நாமே கண்டதுண்டு!

இத்தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2021இல் அது நீக்கப்பட்டது. இன்று நடப்பது வகுப்பறை மதிப்பீடு. ஆசிரியர் தம் மாணவரைக் கவனித்து 1 முதல் 6 வரை அடைவு நிலை இடுகிறார். உங்கள் பிள்ளை எதில் தளர்ந்துள்ளது என்பதை அறிய அது நன்கு உதவும். ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே தாளைக் கொண்டு அந்நிலை இடப்படுவதில்லை. ஆகவே, இரு பள்ளிகளை எடைபோடும் தராசாக அதனைக் கொள்வது பொருந்தாது.

இனி மாணவர் தொகைக்கு வருவோம். பள்ளி சுருங்கினால் அது கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். தொகையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அக்கம்பக்கத்துக் குடியிருப்பே. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பாருங்கள். விவேகானந்தா தமிழ்ப்பள்ளி அங்கே உள்ளது. ஒரு காலத்தில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் நிறைந்திருந்த பகுதி அது. பழைய ரயில்வே நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்களும் தங்கும் விடுதிகளும் உயர்ந்தன. அத்தகைய இடத்தில் ஒரு பள்ளியின் தொகை இறங்கினால் அதற்குத் தலைமையாசிரியரைக் குற்றஞ்சாட்ட இயலுமா? மறுபுறம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் குடியேறின; அங்குள்ள பள்ளிகள் பெருத்தன. எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இன்று பண்டார் உத்தாமாவில் இருக்கிறது. சீபோர்ட் தமிழ்ப்பள்ளி கிளானா ஜெயாவில். பெயரில் தோட்டம் நிற்கிறது. சுற்றிலும் ஒரு பால்மரம் இல்லை.

சிறிய பள்ளிகள் இத்தனை தோன்றியதற்கும் வரலாறு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மாணவர் ஏறத்தாழ 50,000. இன்று பள்ளிகள் 530க்குச் சற்றுக் குறைவு; 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் மாணவர் ஏறத்தாழ 80,000. சராசரியாகப் பள்ளிக்கு 57 பேர் இருந்த நிலை மாறி 150 பேராயிற்று. எனினும், 150 பேருக்கு மேற்படாத பள்ளிகளே இன்றும் பாதிக்கு மேல். அவற்றுள் மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிப்பதுண்டு. அது உண்மையான குறைபாடுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால் ஆசிரியர் அன்றே அறிந்துகொள்வதும் அங்கேதான்.

ஆகவே, பிள்ளையை மாற்றுமுன் இரு பள்ளிகளிலும் நேரிற் சென்று கேளுங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் இப்போது ஆறாம் ஆண்டில் இருப்பவர் எத்தனை பேர்? இடையில் விலகியோர் எங்கே சென்றனர்? குடும்பத்தோடு இடம்பெயர்ந்தனரா, பள்ளி பிடிக்காமல் மாறினரா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அடைவு நிலை 3ஐ எட்டாத பிள்ளைகளுக்குத் தனியே பாடம் நடக்கிறதா, யார் நடத்துகிறார், வாரத்தில் எத்தனை நாள்? இவற்றுக்கான விவரங்கள் தலைமையாசிரியரிடம் இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தயங்காமல் கேட்கலாம். கிள்ளானுக்குப் புறப்படுவதாயின் பஸ் கட்டணத்தையும், காலையில் பிள்ளை எழ வேண்டிய நேரத்தையும் அதே தாளிற் குறித்துக்கொள்ளுங்கள்.