சவுண்டு கார்டு வழியே ஒரு அவசரச் செய்தி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு ஆறு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தபோது, சென்னையில் பலருடைய செல்போன்கள் டார்ச் லைட்டாக மட்டுமே பயன்பட்டன. பல டவர்களுக்கு கரண்ட் இல்லை. நான் அப்போது இஞ்சினியரிங் முதலாண்டு மாணவன். ஹாம் ரேடியோ என்ற பெயரை அந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

அரசுத் தேர்வில் தேறி லைசன்ஸ் வாங்கியவர்கள், டவரோ கேபிளோ இல்லாமல் சொந்த வயர்லெஸ் கருவியில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அவர் கொண்டுபோயிருந்த நிலையமே, தீவிலிருந்து நாட்டின் மற்ற பகுதிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையமாக மாறியது.

குரலில் பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆபத்துக் காலத்தில் அனுப்ப வேண்டியவை பெரும்பாலும் பட்டியல்கள்: முகாமில் இருப்பவர்களின் பெயர்கள், மருந்துகள், அளவுகள். இரைச்சலுக்கு நடுவே ஐம்பது பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். இங்கேதான் டிஜிட்டல் மோடுகளும் நம் கம்ப்யூட்டரும் வருகின்றன. டைப் செய்வதை சவுண்டு கார்டு ஒலியாக மாற்றுகிறது, ரேடியோ அதை அனுப்புகிறது, மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டர் மீண்டும் எழுத்தாக்குகிறது.

இதில் எளிமையானது பிஎஸ்கே31. இங்கிலாந்தின் பீட்டர் மார்டினெஸ் 1998-ல் இதைப் பரவலாக்கினார். வேகம் நொடிக்கு 31.25 பிட் மட்டுமே. பிராட்பேண்டுக்குப் பழகிய நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இது பிடிக்கும் அலை அகலம் சுமார் 60 ஹெர்ட்ஸ். எஸ்எஸ்பி முறையில் ஒருவர் குரலில் பேச சுமார் 2,500 ஹெர்ட்ஸ் வேண்டும். ஒருவர் பேசும் இடத்தில் நாற்பது பேர் டைப் செய்யலாம்!

அகலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? நம் ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 40 மீட்டர் பேண்டில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ்தான் இருக்கிறது. அந்த அலைகள் எல்லை தாண்டிப் போகும் என்பதால் அண்டை நாட்டவர்களும் அதே இடத்தில்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெரு மாதிரி. அதில் ஒருவர் லாரி ஓட்டக்கூடாது என்பதற்காகத்தான் விதிகள்.

விதியும் பழசாகிப் போவதுண்டு. அமெரிக்காவில் ஹெச்எஃப் பேண்டுகளில் டேட்டாவுக்கு 300 பாட் என்ற வேக வரம்பு பல ஆண்டுகள் இருந்தது. அதனால் 2017-ல் மரியா புயலின்போது பேக்டர்-4 மோடத்தைப் பயன்படுத்தத் தனி அனுமதி தர வேண்டியிருந்தது. 2023 நவம்பரில்தான் அந்த வரம்பை நீக்கி, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று மாற்றினார்கள். வேகத்தை விட்டுவிட்டு அகலத்தை அளப்பதே சரி என்பது என் கருத்து. அடுத்தவருக்கு இடைஞ்சல் தருவது அகலம்தானே!

இந்தியாவின் 1978-ஆம் ஆண்டு விதிகள், வழக்கமான தொலைத்தொடர்பு செயலிழந்தால் வெள்ளம், புயல் பற்றிய பிறர் செய்திகளை ஹாம்கள் அனுப்ப இடம் தந்தன. ஆனால் அவை தகுதியுள்ள அரசு அதிகாரியிடமிருந்து வருபவையாக, அத்தகைய அதிகாரிக்குப் போகிறவையாக இருக்க வேண்டும்.

லைசன்ஸ் இல்லாமலே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். எஃப்எல்டிஜி என்ற இலவச சாஃப்ட்வேரை இரண்டு லேப்டாப்களில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஆப் மோட் மெனுவில் பிபிஎஸ்கே-31 தேர்ந்தெடுங்கள். ஒன்றின் ஸ்பீக்கர் மற்றதன் மைக் பக்கம் இருக்கட்டும். ரேடியோவே இல்லாமல், காற்று வழியாக எழுத்து போய்ச் சேரும். மிக்ஸியை ஓடவிட்டும் பாருங்கள்.

தமிழில் அனுப்பலாமா? யூனிகோடில் போகும், ஆனால் விலை அதிகம். பிஎஸ்கே31 ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளுக்குக் குறைந்த பிட்களைத் தருகிறது. தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதுவும் நீளமான குறிகளாக. 'அம்மா நலம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் சுமார் 2 நொடி. தமிழில் சுமார் 11 நொடி! மனசுக்கு வருத்தம்தான். பட்டியல் நீளமானால் ஆங்கில எழுத்தே, அதுவும் சின்ன எழுத்தே நல்லது.

இப்போது ஹாம்களிடம் பிரபலமாக இருக்கும் எஃப்டி8 இந்த வேலைக்கு ஆகாது. 15 நொடிக்கு ஒருமுறை அதிகபட்சம் 13 எழுத்துகள்தான் சொந்தமாக அனுப்ப முடியும். 'திருவான்மியூர்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 13 தீர்ந்துவிடும். தவிர, இரு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். இண்டர்நெட் போன பிறகு லேப்டாப் கடிகாரத்தை நீங்களே சரிபார்க்க வேண்டியிருக்கும்.

பிஎஸ்கே31-ல் பிழை திருத்தும் வசதி கிடையாது என்பதை மறக்காதீர்கள். 10 மில்லிகிராம் 100 ஆகிவிட்டால் விபரீதம். மருந்துப் பட்டியலுக்கு, எஃப்எல்டிஜியிலேயே இருக்கும் ஒலிவியா மோடு நல்ல தேர்வு. பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். கூடவே எஃப்எல்எம்எஸ்ஜி சாஃப்ட்வேரையும் சேர்த்துக்கொண்டால், செய்தி முழுமையாக வந்ததா என்பதை செக்சம் மூலம் சரிபார்த்துச் சொல்லிவிடும்.