கொதிகலன் கட்டிய முன்னோரைத் தேடி...

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



"உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டால், நம்மில் பலர் "தெர்மல்ல வேலை" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். தெர்மலில் என்ன வேலை? அதற்கு முன்பு எங்கே இருந்தார்? அவருடைய அப்பா என்ன தொழில் செய்தார்? இப்படி அடுத்தடுத்துக் கேட்டால் தலையைச் சொறிவோம்.

நெய்வேலி நகரியம் வந்து சேர்ந்தவர்களால் ஆன ஊர். 1956-ல் நிறுவனம் உருவாகி, 1957-ல் சுரங்க வேலை தொடங்கி, 1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. அந்த நாட்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் இங்கே வந்தார்கள். பாய்லர் கட்டத் தெரிந்த என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அவர் வந்த வழியைப் பின்னோக்கித் தேடியபோது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தேடலுக்கு உதவட்டும்.

பாய்லர் மேக்கர் யார்?

பாய்லரை ஓட்டுகிறவர் வேறு, செய்கிறவர் வேறு. ஓட்டுகிறவர் பாய்லர் அட்டெண்டன்ட். தகட்டை வளைத்து, துளையிட்டு, இணைத்து, கசிவை அடைத்து, டியூப் மாற்றுகிறவரே பாய்லர் மேக்கர். வெல்டிங் பரவுவதற்கு முன்பு எல்லாம் ரிவெட்தான். ஒருவர் உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சுவார். இன்னொருவர் இடுக்கியால் எடுத்துத் துளையில் செருகுவார். டிரம்முக்கு உள்ளே ஒரு ஆள் கனமான இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, வெளியே சம்மட்டி அடி விழும். ரிவெட் ஆறும்போது சுருங்கி, இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சரி, உள்ளே இருக்கிற ஆளின் காது என்னாகும்? கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற டாக்டர் 1886-ல் 100 பாய்லர் மேக்கர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாகக் கேட்கவில்லை!

முதல் தடயம்: வீட்டுப் பேச்சு

எங்கள் வீட்டில் முதல் தடயம் கிடைத்தது காதிலிருந்துதான். அப்பாயி சொன்னது: "என் மாமனாருக்குக் காதே கேக்காதுடா. பொன்மலையில இரும்பு அடிச்சு அடிச்சே போச்சு. வீட்ல எல்லாரும் கையாலதான் பேசுவோம்."

ஆகவே காகிதத்தைத் தேடும் முன் பாட்டிமாரைக் கேளுங்கள். ‘என்ன உத்தியோகம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘வேலைக்கு என்ன எடுத்துட்டுப் போவார்? உடம்புல எங்க தீக்காயம் இருந்துச்சு? சத்தமாப் பேசுவாரா?’ என்று கேளுங்கள். கொட்டும்.

இரண்டாம் தடயம்: காகிதம்

தாத்தாவின் சர்வீஸ் ரெஜிஸ்டர் ஜெராக்ஸ் ஒன்று பீரோவில் இருந்தது. அதன் முதல் பக்கமே ஒரு புதையல். தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், கைரேகை எல்லாம் அதில் உண்டு. தகப்பனார் ஊர் என்ற இடத்தில் ‘நாகப்பட்டினம்’ என்றிருந்தது. பொன்மலைக்காரருக்கு நாகப்பட்டினம் எப்படி வந்தது? தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-ல் பொன்மலைக்கு மாறியது. ஒர்க்‌ஷாப் போன பக்கமே குடும்பங்களும் போயின. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

தகரப் பெட்டியில் கிடந்த கொள்ளுத்தாத்தாவின் ரயில்வே சான்றிதழில் ‘ஹோல்டர் அப்’ என்று போட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. டிரம்முக்கு உள்ளே முட்டுக் கொடுத்துப் பிடிப்பவருக்குத்தான் அந்தப் பெயர். அப்பாயி சொன்ன காதுக்கும் இந்தக் காகிதத்துக்கும் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தொழில் ஒன்றாக இருந்தாலும் பெயர் மாறிக்கொண்டே வரும். கொள்ளுத்தாத்தா ஹோல்டர் அப், தாத்தா பாய்லர் மேக்கர், அப்பா ஹை பிரஷர் வெல்டர். ‘பாய்லர்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் முன்னும் பின்னும் தவறிவிடும். வெல்டராக இருந்தவர் வீட்டில், 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகளின்படி தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ் போட்டோவோடு இருக்கலாம். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைக்குப் போன உறவினர்களையும் விசாரியுங்கள். ரயில்வேக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பமும் போடலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.

தடயமே இல்லாதவர்கள்

தாத்தாவின் தம்பியும் பாய்லர் வேலைதான் பார்த்தார், ஆனால் ஒரு காண்ட்ராக்டரிடம். மஸ்டர் ரோலில் பெயர், வாரக் கூலி, அவ்வளவுதான். சர்வீஸ் ரெஜிஸ்டர் கிடையாது, சான்றிதழ் கிடையாது. எங்களிடம் மிஞ்சியது நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன் மட்டுமே. அண்ணனைப் பற்றி இரண்டு பக்கம் எழுத முடிகிறது. அதே கையால் அதே வேலை செய்த தம்பியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் தேறவில்லை. இங்கிலாந்தில் பாய்லர் மேக்கர்கள் 1834-லேயே சங்கம் வைத்தார்கள். அதனால் அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்குச் சங்கப் பதிவேடுகள் கைகொடுக்கின்றன. நம் ஒப்பந்தத் தொழிலாளியின் பேரனுக்கு எது கைகொடுக்கும்?

2020 ஜூலை 1-ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்தில் பலர் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். பேப்பரில் அவர்கள் பெயர் வந்தது. ஒரு தொழிலாளியின் பெயர் எழுத்தில் ஏற விபத்துதான் நடக்க வேண்டுமா?

முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதைக் கட்டியவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். ஆகவே தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பாய்லர் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் உட்காருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர் என்றால் இன்னும் நல்லது. காதோரம் சென்று சற்று உரக்கப் பேசுங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், என்ன வேலை, யாரிடம் கற்றார், கூட வேலை பார்த்தவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி, சங்க அறையில் கொடுங்கள். நாற்பது தாள் சேர்ந்தால் அதுவே ஒரு பதிவேடு. அடுத்த தலைமுறை தேடி வரும்போது, எங்கள் சின்னத் தாத்தாவைப் போல யாரும் வெறும் டோக்கனாக நின்றுவிடக் கூடாது.