உங்களுக்குத் தெரியுமா? ஏற்காடு அடிவாரத்தில் பூத்த வண்ணக் காதல்

வண்ணத்தில் எடுத்த பழைய காதல் நகைச்சுவைப் படம் என்றதும் பலருக்கும் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) நினைவுக்கு வரும். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, சேலத்தில் ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்துவிட்டது: ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). கேவா கலரில் எடுத்தவர், ஸ்டுடியோ அதிபர் டி.ஆர்.சுந்தரம். வாள்வீச்சுக்குப் பேர்போன படம்தான். ஆனாலும் இன்று பார்த்தால் மனதில் நிற்பது எம்.ஜி.ஆர்–பானுமதி காதல் குறும்பு. பேச்சில் பானுமதிக்கே ஒரு பிடி அதிகம்! சாரங்கபாணியும் தங்கவேலுவும் சிரிப்புக்கு. ஸ்டுடியோ மூடி வெகுகாலமாயிற்று. அதன் நுழைவு வளைவை ஏற்காடு போகிறவர்கள் சாலையோரத்தில் பார்க்கலாம்.