எஞ்சின் போய்விட்டதா? பழைய காரைப் பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. "இன்னும் பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும்" என்று அவர் நிறுத்தாமல் ஓட்டிவிடுகிறார். மறுநாள் காலையில் கார் கிளம்பவில்லை. லோரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனால், மூடியைத் திறந்து பார்த்த மெக்கானிக், "எஞ்சின் போச்சு அண்ணே, ஹாஃப்கட் போட்டுடலாம்" என்கிறார்.

தோட்டத்தை ஒட்டி வாழும் ஒரு குடும்பம் இது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது இருபது ஆண்டைத் தாண்டிய ஒரே ஒரு வீரா 1.5 ஆட்டோ. அந்தப் பக்கம் பேருந்து வராது. தொழிற்சாலைக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கிளினிக்குக்கும் அந்தக் கார்தான். இபிஎஃப் மூன்றாவது கணக்கில் இருக்கும் பணம் மகளின் கல்லூரிச் செலவுக்கு என்று ஒதுக்கியது. அதைத் தொடுவதா, புதுக் கடனில் இறங்குவதா? இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு வந்திருக்கும்.

பதில் சொல்லும் முன் உண்மையில் கெட்டது எது என்று தெரிய வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

"எஞ்சின் போச்சு" என்பது ஒரு முடிவு, அது சோதனை ஆகாது. சில அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். புகை நீல நிறத்தில் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. இது பெரும்பாலும் சின்னப் பழுதுதான். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, அதில் இனிப்பு வாடையும் அடித்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுகிறது. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் நீரும் எண்ணெயும் கலந்துவிட்டன.

அடுத்து, பட்டறையில் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கீழிருந்து "டக் டக்" என்று கனத்த சத்தம் வருவதும், சூடான பிறகு எண்ணெய் அழுத்த விளக்கு எரிவதும் வேறு வகை. பேரிங்கும் கிராங்க் தண்டும் அடிபட்டிருக்கலாம். அப்படிப்பட்ட காரை மேலும் ஓட்டாதீர்கள்.

கியர்பாக்ஸைத் தனியாகப் பாருங்கள்

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே கெட்டுவிட்டதாகச் சொன்னால் இரண்டுக்கும் தனித்தனியாக ஆதாரம் கேளுங்கள். மேனுவல் காரில் எஞ்சின் இரைந்தும் கார் நகராவிட்டால், தேய்ந்தது கிளட்ச் தட்டாக இருக்கலாம். அதற்குக் கியர்பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை.

ஆட்டோ காரில் கியர் எண்ணெயைப் பாருங்கள். பல கார்களில் அது சிவப்பாக இருக்கும். கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. சிராப் பண்டுங் நிறத்துக்கு மாறியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஒழுகி நீர் கலந்துவிட்டது. கியர் விழும்போது அடிப்பது போல் ஓர் உதறல் மட்டும் இருந்தால், எஞ்சின் மவுண்டிங், எண்ணெய் அளவு, சோலனாய்டு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே உரிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரிப்பது எல்லாப் பட்டறைக்கும் கைவந்த வேலை அல்ல. அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பது நல்லது.

முன்னால் இருக்கும் வழிகள்

முதல் வழி, மேல்பாகத்தை மட்டும் பிரிப்பது. இதைத்தான் 'டாப் ஓவர்ஹால்' என்கிறார்கள். ஹெட்டைக் கழற்றி, வளைந்திருந்தால் கடைசல் பட்டறையில் சமப்படுத்தி, வால்வுகளைச் சரிசெய்து, புதுக் கேஸ்கெட் போடுவார்கள். சூடேறிக் கெட்ட பல எஞ்சின்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, முழு ஓவர்ஹால். சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன், ரிங், பேரிங், சீல் எல்லாம் மாற்றுவது. எஞ்சின் நம்முடையதே, என்ன மாற்றினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கூலி அதிகம், நாளும் பிடிக்கும், கடைசல் வேலை சுத்தமாக இல்லையென்றால் அத்தனையும் வீண்.

மூன்றாவது, ஹாஃப்கட். ஜப்பானில் ஓடிய காரின் முன்பாதியை வெட்டிக் கொண்டுவந்து 'கெடாய் போத்தோங்'கில் விற்பார்கள். வீராவுக்கு மிட்சுபிஷி எஞ்சினும், பழைய மைவி 1.3க்கு டைஹாட்சு எஞ்சினும் பொருந்துவதற்குக் காரணம், அவை அந்த நிறுவனங்களின் எஞ்சின்களோடே இங்கு வந்தன என்பதுதான். வேலை விரைவில் முடியும், கியர்பாக்ஸும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

எனவே வாங்கும் முன் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கேயே கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். காரில் பொருத்தும் முன்பே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின்பக்க எண்ணெய் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது அவற்றுக்குக் கூலி குறைவு.

எந்த வழியில் போனாலும், முதலில் சூடேறியதற்கான காரணத்தைத் தீர்க்க வேண்டும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரையும் சுற்றாத விசிறியையும் அப்படியே விட்டுவிட்டால் புது எஞ்சினும் அதே வழியில்தான் போகும்.

ஜேபிஜேவை மறக்காதீர்கள்

வேறு எஞ்சின் போட்டால் எஞ்சின் எண் மாறிவிடும். அதைப் பரிசோதனை செய்து ஜேபிஜேயில் பதிய வேண்டும். ஹாஃப்கட் வாங்கிய ரசீதையும் எஞ்சினுக்கான ஆவணங்களையும் பத்திரமாக வையுங்கள். "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சிலர் சொல்வார்கள். பெயர் மாற்றும் பரிசோதனையில் கெரானில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்ப்பார்கள். எண் ஒத்துவரவில்லையென்றால் காரை விற்க முடியாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். 1.3 காரில் 1.5 எஞ்சின் போட்டால் தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட்டிலிருந்து 90 ரிங்கிட்டாகும்.

கணக்கு எப்படிப் போடுவது?

"கார் 5,000 ரிங்கிட்கூடப் போகாது, அதற்கு 3,500 செலவு செய்வதா?" என்று கேட்பார்கள். காரின் விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிபோலத் தெரியும். ஆனால் ஒப்பிட வேண்டியது மாதச் செலவை.

உதாரணத்துக்கு, 3,500 ரிங்கிட் செலவில் கார் இன்னும் இரண்டு ஆண்டு ஓடும் என்றால் மாதம் ஏறக்குறைய 146 ரிங்கிட். டயர், பிரேக், இதர பழுதுக்கு மாதம் 150 சேர்த்தாலும் 300க்குள் அடங்கும். வேறு கார் வாங்கி மாதம் 450 ரிங்கிட் தவணை கட்டினால் அதே இரண்டு ஆண்டில் 10,800 போய்விடும். அந்தக் கடன் அதோடு முடிவதும் இல்லை, ஒன்பது ஆண்டு வரை நீளலாம்.

எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் போய் 9,000 ரிங்கிட் கேட்டால் கணக்கு தலைகீழாகிறது. மாதம் 375 ரிங்கிட், அதன் மேல் இதர பழுது. அடித்தளத்தில் துரு ஏறி, கீழ்ச்சட்டம் இற்றுப் போயிருந்தால் எவ்வளவு நல்ல எஞ்சின் போட்டாலும் பயனில்லை. எனவே செலவுக்குச் சம்மதிக்கும் முன் காரைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வீரா குடும்பத்துக்குத் திரும்புவோம். முதல் பட்டறை சொன்னதோடு நிற்காமல் இன்னொரு பட்டறையில் கம்ப்ரஷன் பார்க்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் மட்டும் குறைவு. கீழே சத்தம் இல்லை. கியர் எண்ணெய் சிவப்பாகவே இருக்கிறது. அடிச்சட்டமும் திடம். இந்தக் காருக்கு ஹாஃப்கட் தேவையில்லை. மேல்பாக வேலையும் புது ரேடியேட்டரும் போதும். சோதனைக்கு ஆகும் கூலி சிறிது. அதைச் செய்யாமல் முடிவெடுத்திருந்தால் மகளின் கல்லூரிப் பணம் தேவையில்லாமல் கரைந்திருக்கும்.

இனி முள் சிவப்பைத் தொட்டால் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.