ஒரு திரையில் எறும்பு, மறு திரையில் யானை: லினக்ஸ் கணினியில் எழுத்தளவைச் சரிசெய்வது எப்படி?

சுங்கை பூலோ – விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பல கணினிகளில் இவை இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்கள் கைகொடுக்கின்றன.

ஆனால் அதே கணினியில் இரண்டாவது மானிட்டரைப் பொருத்தியதும் புதுச் சிக்கல் ஒன்று தலைதூக்கும். பழைய மானிட்டரில் எழுத்து சரியாக இருக்கும்; புதிய 4கே மானிட்டரிலோ எறும்பு ஊர்வது போலத் தெரியும். அதைப் பெரிதாக்கினால் பழைய மானிட்டரில் எல்லாம் யானை அளவுக்கு வீங்கிவிடும். மானிட்டர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் இதைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

காரணம் என்ன?

திரையில் நாம் காண்பதெல்லாம் சிறு புள்ளிகளால் ஆனது. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 1920×1080 புள்ளிகள். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகள். 27 அங்குல 4கே மானிட்டரில் 3840×2160 புள்ளிகள், அங்குலத்துக்கு 163.

இப்போது 16 புள்ளி உயரமுள்ள ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். முதல் திரையில் அதன் உயரம் 4.4 மில்லிமீட்டர். இரண்டாவது திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் அதே எழுத்து 2.5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆக, இரண்டு மானிட்டரிலும் குறை ஒன்றுமில்லை. ஒவ்வொரு திரைக்கும் எழுத்தை எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்று கணினிக்கு நாம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் ஸ்கேலிங் என்கிறார்கள்.

எக்ஸ்11, வேலண்ட்: உங்களிடம் எது?

லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்பும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது எக்ஸ்11. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் திட்டத்தின் 11ஆம் பதிப்பு இது; 1987இல் வந்தது. வழக்கமான அமைப்பில் அது எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய பலகையாகப் பார்க்கும். பலகை ஒன்று என்பதால் விகிதமும் ஒன்றுதான். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட், ஒவ்வொரு திரைக்கும் தனி விகிதம் தருவதற்கு இடம் கொடுக்கிறது. உபுண்டு 2021 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலண்டையே இயல்பாகத் தருகிறது. லினக்ஸ் மிண்ட் 22 வரிசையில் இன்னும் எக்ஸ்11தான் இயல்பு. வேலண்ட் அங்கே சோதனை நிலையில் இருக்கிறது.

உங்கள் உபுண்டு கணினியில் எது ஓடுகிறது என்று அறிய, செட்டிங்ஸில் அபவுட் பகுதியைத் திறந்து 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள். எக்ஸ்11 என்று இருந்தால் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். உள்நுழையும் திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்ததும் கீழ் மூலையில் பற்சக்கரச் சின்னம் தெரியும். அதைத் தட்டி, 'சோர்க்' என்ற சொல் இல்லாத 'உபுண்டு'வைத் தேர்ந்து உள்ளே வாருங்கள்.

செய்ய வேண்டியது

1. செட்டிங்ஸில் 'டிஸ்பிளேஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். மேசையில் மானிட்டர்கள் இருக்கும் வரிசைப்படி படங்களை இழுத்து அடுக்குங்கள்.

2. ஒவ்வொரு மானிட்டருக்கும் அதற்குரிய உச்ச ரெசல்யூஷனையே வையுங்கள்.

3. 'ஃபிராக்‌ஷனல் ஸ்கேலிங்' என்ற பொத்தானை முடுக்குங்கள். 100, 200 விழுக்காடுகளுக்கு இடையே 125, 150, 175 என்ற அளவுகளும் கிடைக்கும்.

4. 24 அங்குல ஃபுல் எச்டிக்கு 100, 27 அங்குல 4கேக்கு 150 அல்லது 175 வைத்துப் பாருங்கள். 14 அங்குல ஃபுல் எச்டி மடிக்கணினித் திரையில் அங்குலத்துக்கு 157 புள்ளிகள் இருப்பதால், அதற்கு 125 அல்லது 150 பொருந்தும்.

5. ஒரே சன்னலை இரு திரைகளுக்கும் மாறி மாறி இழுத்துப் பாருங்கள். எழுத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்

எழுத்து பெரிதாக வேண்டுமென்று சிலர் 4கே மானிட்டரை 2560×1440க்கு இறக்கிவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கிவிடும். ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளி இடத்தில் வரையச் சொன்னால் ஓரங்கள் கலங்காமல் என்ன செய்யும்?

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இதில் இழப்பு அதிகம். மெய்யெழுத்தின் புள்ளி, ணகர னகரச் சுழிகள், இகர ஈகாரக் குறிகள் எல்லாமே நுணுக்கமானவை. புள்ளி மங்கினால் 'க்' என்பது 'க'வாகத் தெரியும். 'கி', 'கீ' வேறுபாடு கலங்கும். திரையைப் பார்த்துத் தமிழ் படிக்கப் பழகும் பிள்ளைக்கும் கண்ணாடி போட்டுச் செய்தி வாசிக்கும் தாத்தாவுக்கும் இது சின்ன விஷயமில்லை.

ஒரு செயலியில் மட்டும் எழுத்து மங்கலாக இருந்தால், அது பழைய எக்ஸ்11 வழியாக வேலண்டுக்குள் ஓடுகிறது என்று பொருள். அந்தச் செயலியைப் புதுப்பியுங்கள். ஃபயர்பாக்ஸ் உலாவி 121ஆம் பதிப்பு முதல் வேலண்டில் நேரடியாகவே இயங்குகிறது.

எக்ஸ்11ஐ விட முடியாதவர்களுக்கு

பழைய என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைகளில் வேலண்ட் தகராறு செய்வதுண்டு. அப்படிப்பட்டவர்களும் லினக்ஸ் மிண்ட் சின்னமன் வைத்திருப்பவர்களும் டிஸ்பிளே அமைப்பிலேயே ஃபிராக்‌ஷனல் ஸ்கேலிங்கை முடுக்கலாம். அது படத்தைப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும் மாற்றுவழி. கணினிக்குச் சுமை கூடும். எழுத்தும் சற்று மென்மையாகத் தெரியும். வேகம் குறைந்தால், இரு திரைக்கும் 100 வைத்துவிட்டு, 4கே திரையில் உலாவியை மட்டும் கண்ட்ரோல் விசையும் கூட்டல் விசையும் அழுத்திப் பெரிதாக்கிக்கொள்வது எளிது.

4கே வாங்கும் முன்

பழைய கணினிகள் பலவற்றில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 துளை. அதன்வழி 4கே படம் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும். எலிச்சுட்டி இழுத்து இழுத்து நகர்வது போலிருக்கும். எந்த ஸ்கேலிங்கும் அதைத் தீர்க்காது. 60 முறைக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புமுன் உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், இதைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், இருக்கும் 24 அங்குல மானிட்டருக்குத் துணையாக அதே அளவில் இன்னொன்றை வாங்குவதே மேல். செலவும் குறையும், ஸ்கேலிங் தொல்லையும் இராது.