எட்டு இடத்துக்குப் பதினாறு அணிகள்: சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப் நடக்கும் விதம்

ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கால்பந்தில் 2024-25 பருவத்திலிருந்து ஒரு புதுச் சுற்று சேர்ந்திருக்கிறது. லீக் கட்டம் ஜனவரியில் முடிகிறது. காலிறுதிக்கு முந்தைய சுற்று மார்ச்சில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, பிப்ரவரியில், நாக்அவுட் பிளே-ஆஃப். பதினாறு அணிகள் இதில் நுழையும், எட்டுதான் மிஞ்சும். யார் யாரோடு மோதுவது, எந்த ஊரில் முதலில் ஆடுவது, கோல் கணக்கு சமமானால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றும் ஒரு முறைப்படி முடிவாகிறது. அந்த முறையை அதன் முதல் பருவத்தை வைத்தே பார்க்கலாம்.

1. பட்டியலில் இடம் பிடிப்பது

லீக் கட்டத்தில் 36 அணிகள், ஒரே புள்ளிப்பட்டியல். ஒவ்வோர் அணியும் எட்டு வெவ்வேறு அணிகளோடு மோதும்: நான்கு ஆட்டம் சொந்த மைதானத்தில், நான்கு வெளியூரில். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. கடைசி நாளில் 18 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அடுத்த மைதானத்தின் முடிவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டு ஆட வழியில்லை.

முதல் எட்டு இடங்களுக்கு பிளே-ஆஃப் இல்லை. நேராகக் காலிறுதிக்கு முந்தைய சுற்று. 9 முதல் 24 வரை பிளே-ஆஃப். 24-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தின் ஐரோப்பியக் கால்பந்து முடிந்தது. பழைய முறையில் குழுவில் மூன்றாவதாக வந்த அணிக்கு யூரோப்பா லீக்கில் இடம் கிடைக்கும். இப்போது அதுவும் கிடையாது.

புள்ளிகள் சமமானால் முதலில் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். மான்செஸ்டர் சிட்டி, ஸ்போர்ட்டிங், கிளப் புரூஹா, டினாமோ ஸாக்ரெப் நான்கும் 11 புள்ளிகளோடு முடித்தன. முதல் மூன்றும் 22, 23, 24-ஆம் இடங்களைப் பிடித்து உள்ளே வந்தன. டினாமோ 25. அதன் கோல் வித்தியாசம் மைனஸ் 7. செப்டம்பரில், முதல் ஆட்டத்திலேயே, பேயர்ன் மியூனிக்கிடம் அது 2-9 என்று தோற்றிருந்தது. மற்ற ஏழு ஆட்டங்களில் போட்ட கோலும் வாங்கிய கோலும் சரிக்குச் சரி. அந்த ஓர் இரவின் ஏழு கோல்தான் ஜனவரியில் அணியை வெளியே தள்ளியது.

கடைசி நாளில் அதே டினாமோ ஏசி மிலனை 2-1 என்று வென்றது. மிலன் வென்றிருந்தால் 18 புள்ளியோடு முதல் எட்டுக்குள் இருந்திருக்கும். தோற்றதால் 13-ஆம் இடத்துக்குச் சறுக்கி பிளே-ஆஃபில் வந்து நின்றது.

2. ஜோடி சேர்ப்பது

9 முதல் 16 வரை உள்ள அணிகள் தரவரிசை பெற்றவை. 17 முதல் 24 வரை உள்ளவை பெறாதவை. 9, 10 இரண்டும் 23, 24-ஐச் சந்திக்கும். 11, 12-க்கு 21, 22. 13, 14-க்கு 19, 20. 15, 16-க்கு 17, 18. ஆக, குலுக்கலுக்கு முன்பே ஒவ்வோர் அணிக்கும் எதிராளி இரண்டில் ஒன்று என்று தெரிந்துவிடும்.

அந்த இரண்டில் எது என்பதைச் சுவிட்சர்லாந்தின் நியோனில், ஐரோப்பியக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ-வின் தலைமையகத்தில் நடக்கும் குலுக்கல் சொல்லும். 2025-இல் அது ஜனவரி 31 அன்று நடந்தது. ஒரே நாட்டு அணிகள் மோதக்கூடாது என்ற தடை இந்தச் சுற்றில் இல்லை. அதனால் பிரான்சின் பிஎஸ்ஜி-க்கு பிரான்சின் பிரெஸ்ட்டே வந்து வாய்த்தது. 11-ஆம் இடத்து ரியல் மாட்ரிட்டுக்கு 22-ஆம் இடத்து மான்செஸ்டர் சிட்டி. இறுதியாட்டத்துக்கு ஏற்ற ஜோடி, பிப்ரவரியிலேயே.

3. புது ஆட்களைப் பதிவது

நாக்அவுட்டுக்கு முன் ஓர் அணி மூன்று புதிய வீரர்கள் வரை பட்டியலில் சேர்க்கலாம். அதே பருவத்தில் வேறு அணிக்காக சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியவர்களுக்கும் தடை இல்லை. ஜனவரியில் ஃபெயனூர்டுக்காக ஆடிய சான்டியாகோ ஹிமெனெஸ், பிப்ரவரியில் மிலன் சட்டையோடு ஃபெயனூர்டுக்கு எதிராகவே இறங்கினார். நாப்போலியிலிருந்து பிஎஸ்ஜி வாங்கிய குவிச்சா குவாரட்ஸ்கேலியாவால் லீக் கட்டத்தில் ஆட முடியவில்லை. பிளே-ஆஃபிலிருந்து ஆட முடிந்தது.

இந்தப் படியைப் பலர் கவனிப்பதில்லை. புள்ளிப்பட்டியல் காட்டுவது செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஆடிய அணியை. பிப்ரவரியில் களமிறங்குவது வேறோர் அணியாக இருக்கலாம்.

4. முதல் ஆட்டம்

தரவரிசை பெறாத அணியின் மைதானத்தில் முதல் ஆட்டம். பிரெஸ்ட்டின் சொந்த மைதானம் யுஇஎஃப்ஏ விதிகளுக்குப் பொருந்தாததால் அந்த அணி கங்காம்ப் என்ற ஊரில் ஆடி, 0-3 என்று தோற்றது. மான்செஸ்டரில் 80-ஆம் நிமிடத்தில் சிட்டி 2-1 என்று முன்னிலை பெற்றது. கடைசி நிமிடங்களில் பிராஹிம் டயஸும் ஜூட் பெல்லிங்ஹாமும் கோல் போட, மாட்ரிட் 3-2 என்று வென்று ஊர் திரும்பியது.

5. இரண்டாம் ஆட்டம்

ஒரு வாரம் கழித்து, மேலே முடித்த அணியின் ஊரில். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டி அதிகம் போட்டவர் முன்னேறுவார். வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற பழைய விதி 2021-22 முதல் இல்லை. அந்த மாற்றம் என்ன செய்யும் என்பது மியூனிக்கில் தெரிந்தது. செல்டிக் முதல் ஆட்டத்தை 1-2 என்று தோற்றிருந்தது. இங்கே 63-ஆம் நிமிடத்தில் 1-0 ஆக்கியது. பழைய விதிப்படி வெளியூரில் இரண்டு கோல் போட்ட பேயர்ன்தான் அப்போதும் முன்னிலை. புது விதிப்படி 2-2, சமம். கூடுதல் நேரத்துக்கு எல்லாரும் தயாரானபோது, இஞ்சுரி டைமில் அல்போன்சோ டேவிஸ் கோல் போட்டு பேயர்னைக் கரையேற்றினார்.

மிலனில் ஹிமெனெஸ் முதல் நிமிடத்திலேயே பழைய அணிக்கு எதிராகக் கோல் போட்டார். ஆனால் தேயோ எர்னாண்டஸ் பெனால்டி ஏரியாவில் விழுந்து நடித்ததற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரான மிலன் 1-1 என்று முடித்து, மொத்தம் 1-2 என்று வெளியேறியது.

6. சமமானால்

தலா 15 நிமிடமாக 30 நிமிடக் கூடுதல் நேரம். அப்போது ஆறாவது மாற்று வீரரை இறக்கலாம். அதிலும் தீராவிட்டால் பெனால்டி ஷூட்-அவுட். 2025-இல் இந்தச் சுற்றில் கூடுதல் நேரம் வரை போனது ஓர் ஆட்டம் மட்டுமே. யுவென்டஸ் முதல் ஆட்டத்தை 2-1 என்று வென்றுவிட்டு, பிஎஸ்வியின் ஊரான ஐந்தோவன் போனது. அங்கே பிஎஸ்வி 2-1 என்று பதிலடி கொடுத்தது. 98-ஆம் நிமிடத்தில் ரயன் ஃபிளமிங்கோ போட்ட கோல் பிஎஸ்வியை முன்னேற்றியது.

7. அடுத்த சுற்றில் பொருத்துவது

வென்ற எட்டு அணிகளும் காத்திருக்கும் எட்டு அணிகளோடு சேரும். 15-18 வட்டத்தில் வென்றவை 1, 2-ஆம் இடத்து அணிகளிடம் போகும். 9, 10, 23, 24 வட்டத்தில் வென்றவை 7, 8-ஆம் இடத்து அணிகளிடம். பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு இதுதான்: வலு குறைந்ததாகக் கருதப்படும் எதிராளி. 2025-இல் முதலிடம் லிவர்பூலுக்கு. பரிசாக வந்தது 15-ஆம் இடத்து பிஎஸ்ஜி.

பிரெஸ்ட்டை மொத்தம் 10-0 என்று நொறுக்கிவிட்டு வந்த அணி அது. பாரிஸில் லிவர்பூல் 1-0, ஆன்ஃபீல்டில் பிஎஸ்ஜி 1-0. பெனால்டியில் கோல்கீப்பர் டொன்னருமா இரண்டைத் தடுக்க, முதலிடம் வெளியேறியது. மே 31 அன்று இறுதியாட்டத்தில் இன்டரை 5-0 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றதும் அதே பிஎஸ்ஜி. குவாரட்ஸ்கேலியா அன்றும் ஒரு கோல் போட்டார்.

முதல் எட்டில் முடிக்கும் அணிக்குக் கோப்பை வரை 15 ஆட்டம். பிளே-ஆஃப் வழியாக வந்தால் 17. அந்த இரண்டு ஆட்டம் கால்களைச் சோர்வாக்கும் சுமைதான். ஆனாலும் அந்தப் பருவத்தின் காலிறுதியில் ஆடிய எட்டில் நான்கு அணிகள் பிளே-ஆஃப் வழியாக வந்தவை. 9-ஆம் இடத்து அட்டலாண்டாவை 24-ஆம் இடத்து கிளப் புரூஹா 5-2 என்று வீழ்த்தியதும் இதே சுற்றில்தான். லீக் பட்டியல் ஓர் அணிக்கு ஓய்வையும் சொந்த மண்ணில் இரண்டாம் ஆட்டத்தையும் சம்பாதித்துக் கொடுக்கும். பிப்ரவரியில் யார் வலுவான அணி என்பதை பிளே-ஆஃப்தான் சொல்லும்.