தேநீர் ஏந்தும் பொம்மையின் உள்ளே

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையின் உள்ளமைப்பை அறிய விரும்புவோர்க்கு, ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) உருவான தேநீர் ஏந்தும் பொம்மை சிறந்த பாடமாக அமைகிறது. தட்டில் கிண்ணத்தை வைத்ததும் விருந்தினரை நோக்கி நகரும் இப்பொம்மை, அவர் கிண்ணத்தை எடுத்ததும் நின்று, வெறுங்கிண்ணத்தை மீண்டும் வைத்ததும் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே செல்கிறது. தோசா பகுதியைச் சேர்ந்த ஹொசோகாவா ஹன்சோ, 1796இல் வெளியான 'கராகுரி சுய்' என்னும் நூலில் இதன் உறுப்புகளைப் படங்களுடன் விளக்கினார். மூன்று பாகங்கள் கொண்ட அந்நூலின் முதல் பாகத்தை அவர் கடிகாரங்களுக்கே ஒதுக்கினார். பொம்மையை இயக்கும் நுட்பமும் கடிகார நுட்பமே என்பதால் அவ்வரிசை மிகப் பொருத்தமானது.

பொம்மைக்கு விசை தருவது சுருள்வில். அக்காலத்தில் அது உலோகத்தால் அன்றி, திமிங்கிலத்தின் வாயில் வடிகட்டியாக அமைந்திருக்கும், எளிதில் வளையும் தகடுகளால் செய்யப்பட்டது. முறுக்கப்பட்ட வில் பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது மரப் பற்சக்கரங்கள் சுழன்று, ஆடைக்குள் மறைந்துள்ள உருளைகளை ஓட்டுகின்றன. நடப்பதுபோல் அசையும் பாதங்கள் வெறும் தோற்றமே.

வில்லை அதன் போக்கில் விட்டுவிட்டால் விசை முழுவதும் நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். ஆகவே, எஸ்கேப்மென்ட் எனப்படும் தடையமைப்பு இங்கே இன்றியமையாததாகிறது: இருபுறமும் ஊசலாடும் ஒரு சிறு துண்டு, வேகமாகச் சுழலும் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடுத்துத் தடுத்து விடுவிப்பதால், பொம்மை சீரான நடையில் நகர்கிறது. திரும்பும் வேலையை நெம்புருள் செய்கிறது. வட்டமாக அல்லாமல் ஓரிடத்தில் புடைத்திருக்கும் இத்தகடு, குறித்த தொலைவு கடந்ததும் ஒரு நெம்புகோலைத் தள்ள, அது திசை திருப்பும் சக்கரத்தை வளைக்கிறது. கிண்ணத்தின் எடையோ கையைத் தாழ்த்திப் பூட்டை விடுவிக்கிறது. எடை நீங்கினால் கை உயர்ந்து, பூட்டு மீண்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்நூலின் விளக்கத்தைக் கொண்டே இப்பொம்மை மீண்டும் செய்து இயக்கப்பட்டது என்பது, ஹன்சோவின் விளக்கம் எவ்வளவு முழுமையானது என்பதற்குச் சான்று. இன்றைய தகரப் பொம்மைகள் பலவற்றில் எழும் 'கரகர' ஒலியும் இத்தகைய தடைத்துண்டு பற்களில் மோதுவதால் உண்டாவதே. ஆகவே, ஒரு பொம்மையைத் திறந்து பார்ப்பவர் அதை ஓட்டுவது எது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதன் ஓட்டத்தைத் தடுத்து நெறிப்படுத்துவது எது என்றும் தேடவேண்டும். பொறியின் நுட்பம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.